ஜப்பானில் வண்டு, ஜாவாவில் பறவை, ஐஸ்லாந்தில் பூனை: எந்த நாட்டில் எந்தச் செல்லப்பிராணி, ஏன்?

உலகத்தில் மனிதர்கள் மிக அதிகமாக வளர்க்கும் செல்லப்பிராணி எது என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் நாய் என்பார்கள். சிலர் பூனை என்பார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. தலைகளை எண்ணினால் சில நாடுகளில் மீன்தான் முன்னால் வந்து நிற்கும். ஒரு வீட்டில் நாய் ஒன்றுதான் இருக்கும். கண்ணாடித் தொட்டியில் மீன் இருபது இருக்கும். வீடுகளை எண்ணத் தொடங்கினால் மீன் பின்னுக்குப் போய்விடும். அமெரிக்காவின் செல்லப்பிராணித் தொழில் சங்கம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாய் உள்ள வீடுகள் 6 கோடியே 51 லட்சம். பூனை உள்ள வீடுகள் 4 கோடியே 65 லட்சம். நன்னீர் மீன் உள்ள வீடுகள் 1 கோடியே 11 லட்சம். ஆகவே "இந்த நாட்டில் இதுதான் பிரபலம்" என்று யாராவது எழுதியிருந்தால், அவர் வாலை எண்ணினாரா வாசலை எண்ணினாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2016-இல் ஜிஎஃப்கே என்ற ஆய்வு நிறுவனம் 22 நாடுகளில் இணையம் வழியாக ஒரு கணிப்பு நடத்தியது. நாய் வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் அர்ஜென்டினாவில் 66 சதவீதம், மெக்சிகோவில் 64, பிரேசிலில் 58. பூனையில் ரஷ்யா 57 சதவீதத்துடன் முதலிடம். அடுத்து பிரான்ஸ், 41. மீனில் சீனா 17 சதவீதம், பறவையில் துருக்கி 20 சதவீதம். பிராணியே இல்லாத வீடுகள் அதிகம் தென்பட்டது தென் கொரியாவில். இணைய வசதி உள்ளவர்களிடம் மட்டும் கேட்ட கணக்கு என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு விருப்பம் இவ்வளவு மாறுகிறதே, அது எதனால் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அது அந்தந்த மக்களின் குணம் என்பது. லத்தீன் அமெரிக்கர் கூட்டத்தை விரும்புபவர், அதனால் நாய். ரஷ்யர் குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர், அதனால் பூனை. கேட்க நன்றாக இருக்கிறது; எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிராணியின் மேல் உள்ள பாசம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அந்தப் பாசம் எந்தப் பிராணியின் மேல் போய் இறங்கும் என்பதை வீட்டின் அளவும், வாடகை ஒப்பந்தமும், நகராட்சி விதியும், ஏதோ ஒரு பழைய நோயும், மதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நாடு நாடாகப் பார்த்தால் இது விளங்கும்.

வீடும் நேரமும்

ஜப்பானில் நீண்ட காலம் நாய்தான் முன்னணியில் இருந்தது. 2017-இல் அந்நாட்டின் செல்லப்பிராணி உணவுச் சங்கம் எடுத்த கணக்கில் முதன்முறையாகப் பூனை முந்தியது: பூனைகள் சுமார் 95 லட்சம், நாய்கள் சுமார் 89 லட்சம். ஜப்பானியர்கள் திடீரென்று பூனைப் பைத்தியம் ஆகிவிட்டதாக அப்போது பலர் எழுதினார்கள். நடந்தது அதைவிடச் சாதாரணமான விஷயம். சிறிய அடுக்குமாடி வீடு, தனியாக வாழும் முதியவர், இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் அலுவலக ஊழியர், இவர்களால் நாயைத் தினமும் இரண்டு வேளை வெளியே நடத்திச் செல்ல முடியாது. பூனைக்கு மணல் பெட்டி ஒன்று போதும். அதற்கும் இடம் தராத வாடகை வீடுகள் ஏராளம் உண்டு. அங்கே குடியிருப்பவர்களுக்காகத்தான் பூனைக் கஃபேக்கள் பெருகின. காசு கொடுத்து ஒரு மணி நேரம் பூனைகளோடு உட்கார்ந்துவிட்டு வரலாம். இந்த யோசனை பிறந்தது தைவானில், 1998-இல் தைபேயில். 2004-இல் ஒசாகாவுக்கு வந்து, பிறகு ஜப்பான் முழுக்கப் பரவியது.

சிங்கப்பூர் கதை இன்னும் தெளிவானது. அங்கே நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட மக்கள் வீவக வீடுகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். 1989 முதல் அந்த வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. பூனை ஓரிடத்தில் இருக்காது, வீடு வீடாகப் போகும், முடி உதிரும், இரவில் கத்தும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். நாய்க்கு மட்டும் அனுமதி இருந்தது; அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றே ஒன்று. தடை இருந்ததால் பூனை இல்லாமல் போய்விடவில்லை. சன்னலில் கம்பி வலை அடித்து, சத்தம் காட்டாமல் வளர்த்தார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 1 அன்று விதி மாறியது. இப்போது உரிமம் பெற்று, மைக்ரோசிப் பொருத்தி, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அந்நாட்டின் கணக்குப் புத்தகத்தில் பூனைகளின் எண்ணிக்கை இனி ஏறும். அதை "சிங்கப்பூரர்களுக்குப் பூனை மோகம்" என்று யாரோ ஒருவர் எழுதத்தான் போகிறார்.

பெய்ஜிங்கில் அளவுகோலே சட்டத்துக்குள் இருக்கிறது. நகரின் முக்கியப் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய். உயரம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த நகரத்தின் நாய்கள் ஏன் பெரும்பாலும் பூடில், பொமரேனியன் என்று சிறிதாகவே இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

ஐரோப்பாவில் இதே விஷயம் வரியாகவும் நேரமாகவும் வருகிறது. ஜெர்மனியில் நாய்க்கு வரி உண்டு, பூனைக்குக் கிடையாது. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. இரண்டாவது நாய்க்கு 180. பெரிய நாயோடு தொலைதூர ரயிலில் ஏறினால் அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். 2022 முதல், நாயை நாளொன்றுக்கு இரண்டு முறையாவது, மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே விட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. ஸ்வீடனில் பகல் நேரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நாய்க்கு வெளியே போக வழி செய்ய வேண்டும் என்பது விதி. இவை நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர் இவற்றைப் படித்துவிட்டு நாயைத் தேடுவாரா, பூனையைத் தேடுவாரா? ஜெர்மனியில் பூனைகள் ஒன்றரைக் கோடிக்கு மேல், நாய்கள் ஒரு கோடி அளவில் இருப்பதில் வியப்பில்லை.

(பிரான்ஸைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அங்கே முறையான வம்சாவளிப் பதிவுள்ள நாய்க்குட்டிகளுக்கு, பிறந்த ஆண்டுக்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரை வைக்கும் வழக்கம் உண்டு. 2024 'வி' என்ற எழுத்துக்குரிய ஆண்டு. அதோடு சுற்று முடிந்து 2025-இல் மீண்டும் 'ஏ' வந்தது. பூங்காவில் ஒருவர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கேட்பவர் அதன் வயதைக் கணக்கிட்டுவிடலாம்.)

நாய் கூடாது என்ற நகரம்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கில் 1924 முதல் 1984 வரை நாய் வளர்ப்பதே சட்டவிரோதமாக இருந்தது. அறுபது ஆண்டுகள். இதற்குப் பின்னால் இருந்தது ஒரு நாடாப்புழு.

ஐஸ்லாந்து ஆடுகளின் நாடு. பண்ணையில் ஆட்டை அறுக்கும்போது குடல், ஈரல் போன்ற கழிவுகளை நாய்க்குப் போடுவார்கள். ஆட்டின் ஈரலில் இந்தப் புழுவின் நீர்க்கட்டி இருந்தால், நாயின் குடலுக்குள் அது முழுப் புழுவாக வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வந்து, முடியிலும் புல்லிலும் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் மனிதனின் வயிற்றுக்குள் முட்டை போனால், அவனுடைய ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நோய் ஐஸ்லாந்தில் மிகப் பரவலாக இருந்தது. 1860-களில் ஹரால்ட் கிராப்பே என்ற டென்மார்க் அறிஞர் அங்கே போய் ஆராய்ந்து, நாய்க்கும் ஆட்டுக் கழிவுக்கும் உள்ள தொடர்பை மக்களுக்குப் புரியும்படி எழுதினார். பிறகு நாய்களுக்குப் புழு மருந்து, கழிவுகளை எரிப்பது, புதைப்பது என்று சட்டங்கள் வந்தன. நகரத்தில் நாய்க்கு வேலையே இல்லை என்று சொல்லி ரெய்க்யாவிக் ஒரேயடியாகத் தடை போட்டது.

நோய் ஒழிந்த பின்னும் தடை நீடித்தது. 1984-இல் நிதியமைச்சராக இருந்த ஆல்பர்ட் குட்முண்ட்சன் வீட்டில் நாய் வளர்ப்பது வெளியே தெரிந்து, அவர் மேல் புகார் கிளம்பியது. நாயை விடுவதைவிட நாட்டை விட்டே போய்விடுவேன் என்ற அளவுக்கு அவர் பேசினார். அந்த ஆண்டே, அனுமதி பெற்று நாய் வளர்க்க வழி திறந்தது. இதற்கிடையே மூன்று தலைமுறை ரெய்க்யாவிக்காரர்கள் பூனையோடு வளர்ந்துவிட்டார்கள். இன்றும் அந்த நகரத் தெருக்களில் கழுத்துப்பட்டியோடு நிதானமாகத் திரியும் பூனைகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே வேடிக்கை முயலின் பெயரால் நடக்கிறது. 1859-இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை வரவழைத்து விட்டார். அவை கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தை மொட்டையாக்கின. அதனால் குயின்ஸ்லாந்தில் வீட்டில் முயல் வளர்ப்பது இன்றும் குற்றம். பெரிய அபராதம் உண்டு. யாருக்கு அனுமதி என்றால் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும், தொப்பியிலிருந்து முயல் எடுத்துக் காட்டும் மந்திரவாதிகளுக்கும். மந்திரவாதி அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். எல்லைக்கு அப்பால் நியூ சவுத் வேல்ஸில் குழந்தைகள் அதே முயலை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்.

மதமும் பறவையும்

இஸ்லாமியச் சமூகங்கள் பலவற்றில் நாய் வீட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. நாயின் எச்சில் அசுத்தம் என்று பெரும்பாலான இஸ்லாமியச் சட்ட மரபுகள் கருதுகின்றன; காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் வைத்துக்கொள்ளலாம். பூனையோ வீட்டுக்குள் புழங்கும் உயிர். அது வாய் வைத்த நீர்கூட அசுத்தமாகாது. இஸ்தான்புல்லில் பூனைகள் கடைப் பலகையிலும், படகுத்துறையிலும், மசூதி முற்றத்திலும் உரிமையோடு படுத்திருப்பதற்கு இது ஒரு காரணம். அந்நகரின் பழம்பெரும் வழிபாட்டுத் தலமான ஹாகியா சோஃபியாவில் வாழ்ந்த க்ளி என்ற மாறுகண் பூனையைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். 2020 நவம்பரில் அது இறந்தபோது இஸ்தான்புல் ஆளுநரே இரங்கல் தெரிவித்தார். ஆனால் தெருப்பூனை ஊர்ப் பொதுச் சொத்து. வீட்டுப் பிராணிக் கணக்கில் அது வராது. வீட்டுக்குள் துருக்கியர்கள் கூண்டில் வைப்பது பட்ஜெரிகர் என்ற சிறு கிளியையும் கேனரி என்ற பாடும் பறவையையும். முதலில் சொன்ன கணிப்பில் பறவைக்குத் துருக்கி முதலிடம் பெற்றது இதனால்தான்.

அந்தக் கணிப்பில் இந்தோனேசியா இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் துருக்கிக்கு முதலிடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஜாவா தீவில் ஒரு பழைய வழக்கு உண்டு: ஒரு மனிதன் முழுமையாக வாழ்ந்தான் என்று சொல்ல ஐந்து வேண்டும். வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் என்ற குத்துவாள், பாடும் பறவை. குதிரையின் இடத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. பறவை மட்டும் அப்படியே இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஜாவாவின் 3 கோடியே 60 லட்சம் வீடுகளில் மூன்றில் ஒன்று பறவை வளர்க்கிறது என்றும், கூண்டுப் பறவைகள் 6 கோடியே 60 லட்சத்திலிருந்து 8 கோடியே 40 லட்சம்வரை இருக்கும் என்றும் மதிப்பிட்டது.

இவர்கள் விரும்பும் பறவை அழகுக்காக அல்ல, குரலுக்காக. முதலிடத்தில் முராய் பத்து. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சோலைபாடிதான் அது. நம் தோட்டங்களில் விடியற்காலையில் விசிலடிக்கும் குண்டுக்கரிச்சானையும் அங்கே 'காச்செர்' என்ற பெயரில் வளர்க்கிறார்கள். ஒரு சோலைபாடியை வளர்ப்பவரின் காலை எப்படித் தொடங்கும் என்று பாருங்கள். இரவில் கூண்டைப் போர்த்தியிருந்த துணியை விலக்குவார். நீர்த்தெளிப்பான் கொண்டு பறவையை நனைப்பார். பிறகு கூண்டை வெயிலில் தொங்கவிட்டு அது சிறகைக் கோதிக்கொள்ளும்வரை காத்திருப்பார். தீனிக்கு உயிருள்ள சுவர்க்கோழிகள். அதோடு 'க்ரோதோ' எனப்படும் முசுறு எறும்பின் புழுக்கள். மாமரத்தில் ஏறிக் கடி வாங்கிய எவருக்கும் அந்த எறும்பைத் தெரிந்திருக்கும். அதன் கூட்டைக் கழியால் கலைத்துப் புழுவைச் சேகரிப்பதே ஜாவாவில் ஒரு பிழைப்பு. இளம் பறவைக்குப் பாடம் நடப்பதும் உண்டு: நன்றாகப் பாடும் வேற்றினப் பறவைகளின் கூண்டுகளுக்குப் பக்கத்தில் அதன் கூண்டை மாட்டிவிடுவார்கள். கேட்டுக் கேட்டு அவற்றின் குரல்களைத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். பறவை கிடைக்காதவர்கள் ஒலிப்பதிவைப் போடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி. ஒரு கூரைக்கடியில் கூண்டுகள் வரிசையாகத் தொங்கும். நடுவர்கள் குறிப்பேட்டோடு இடையில் நடந்து, குரலின் வலிமை, பாட்டின் வகைகள், இடைவிடாமல் பாடும் நேரம், பாடும்போது நிற்கும் தோரணை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். உரிமையாளர்கள் வேலிக்கு வெளியே நின்று தங்கள் கூண்டின் எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். வென்ற பறவையின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறும்.

இதற்கு விலை கொடுப்பது காடு. வைக்கோல்தலைச் சின்னான், இந்தோனேசிய மொழியில் 'சூச்சாக் ராவா', ஒரு காலத்தில் ஆற்றோரமெல்லாம் பாடிய பறவை. பிடித்துப் பிடித்தே ஜாவாவில் அது அற்றுப்போனது. இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். 2018-இல் இந்தோனேசிய அரசு இதையும் சோலைபாடியையும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. வளர்ப்போர் திரண்டு எதிர்த்ததும் இரண்டையும் எடுத்துவிட்டது. இப்போது அந்தச் சின்னானுக்குக் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக இருப்பது சிங்கப்பூர். செல்லம் கொடுப்பதே ஓர் இனத்தை ஒழிக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு கால் செல்லங்கள்

நம் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டு என்றால் விவசாயிக்கு எரிச்சல். குருத்தைக் குடைந்துவிடும், கம்பியை விட்டுக் குத்தி எடுத்துக் கொல்வார்கள். ஜப்பானில் அதன் உறவினமான கபுடோமுஷி ஒரு குழந்தையின் கோடை விடுமுறையே. ஜூலை மாதம் பல்பொருள் அங்காடிகளில் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கி வைக்கப்படும். பெட்டிக்குள் மக்கிய இலைத்தூள், ஏறுவதற்கு ஒரு மரக்கட்டை, ஆள்காட்டி விரல் நுனி அளவுக் கிண்ணத்தில் பூச்சிகளுக்கென்றே தயாரித்த ஜெல்லி. ஆண் வண்டின் தலையில் நுனி கவைத்த நீண்ட கொம்பு உண்டு. இரண்டு ஆண் வண்டுகளை ஒரு கட்டையில் விட்டால் ஒன்றையொன்று கொம்பால் நெம்பித் தள்ளும். வளர்ந்த வண்டின் ஆயுள் ஒரு கோடைதான். செப்டம்பரில் பெரும்பாலும் இறந்துவிடும். மண்ணில் முட்டை இருந்தால் புழுவாகி அடுத்த கோடையில் வெளியே வரும். சாவு என்றால் என்ன என்பதை ஜப்பானியக் குழந்தைகள் பலர் முதலில் தெரிந்துகொள்வது இந்தப் பெட்டியிலிருந்துதான்.

பெரியவர்களுக்கு வேறு வண்டு: மான்கொம்பு வண்டு. அதில் ஓ-குவாகதா என்ற இனம் சில ஆண்டுகள் உயிர் வாழும். அதன் புழுவைக் காளான் இழை பரவிய மரத்தூள் நிரப்பிய பாட்டிலில் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் பெரிதாக வளர்க்க முடியும் என்று போட்டி போடுகிறார்கள். 1999-இல் 80 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு 1 கோடி யென்னுக்கு விற்றது செய்தியானது. அதே ஆண்டு வெளிநாட்டு வண்டுகளை இறக்குமதி செய்வதற்கான தடையும் தளர்ந்தது.

பாடும் பூச்சிகளின் கதை இன்னும் பழையது. சுசுமுஷி என்ற மணிச் சுவர்க்கோழியின் ஒலியை ஜப்பானியர் ஓராயிரம் ஆண்டுகளாக இலையுதிர் காலத்தின் இசையாகக் கேட்டு வருகிறார்கள். அதை வளர்க்க நெல்லுமணி அளவுச் செலவுகூட இல்லை. வெட்டிய கத்தரிக்காய், வெள்ளரிக்காய்த் துண்டைக் குச்சியில் குத்தி மண்ணில் படாமல் நிறுத்த வேண்டும். மண்ணில் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மேலே கொஞ்சம் உலர்ந்த மீன் சீவல். இரவானால் ஆண் பூச்சி இறக்கைகளை உரசி மணியடிக்கும்.

சீனாவில் சுவர்க்கோழிக்கு இசையும் உண்டு, சண்டையும் உண்டு. தாங் வம்ச அரசவைப் பெண்கள் சிறு பொற்கூண்டில் சுவர்க்கோழியை அடைத்துத் தலையணைக்கருகே வைத்துக் கேட்டார்கள் என்று பழைய குறிப்பு இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் தென் சோங் அரசின் தலைமை அமைச்சர் ஜியா சிதாவ், சுவர்க்கோழி வளர்ப்பு பற்றி நூலே எழுதினார். மங்கோலியப் படை எல்லையில் நிற்க, இவர் பூச்சி சண்டையில் மூழ்கியிருந்தார் என்ற பழி அவரை இன்றும் விடவில்லை. இப்போதும் குளிர்காலத்தில் பெய்ஜிங் முதியவர்கள் சிலர் மேலங்கிக்குள் சுரைக்குடுவை ஒன்றை வைத்திருப்பார்கள். உடல் சூட்டில் உள்ளிருக்கும் பூச்சி பாடும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு எங்கிருந்து சத்தம் வருகிறது என்று புரியாது.

ஊர் விட்டு ஊர் போனவை

பெருவிலும் ஈக்வடாரிலும் ஆண்டிஸ் மலை வீடுகளில் கினிப் பன்றி என்ற சிறு கொறிவிலங்கு அடுப்படியில்தான் வளரும். காய்கறித் தோலையும் புல்லையும் தின்று, அடுப்பின் சூட்டில் ஓடித் திரியும். விருந்து வந்தால் வறுவலாகும்; நாட்டு வைத்தியர் நோயாளியின் உடம்பில் அதைத் தேய்த்து நோய் எங்கே என்று பார்ப்பதும் உண்டு. குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாதா வரைந்த 18-ஆம் நூற்றாண்டு ஓவியத்தில், இயேசுவின் கடைசி இராவுணவுத் தட்டில் கிடப்பதே இந்தப் பிராணி என்று அங்கே வருபவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது உணவாகவில்லை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழன் ஆனது. 2008-இல் ஸ்விட்சர்லாந்து இயற்றிய விதி, கினிப் பன்றி கூட்டமாக வாழும் உயிர் என்பதால் அதைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கிறது. இரண்டில் ஒன்று செத்துப்போனால், மிஞ்சியதற்குத் துணையாக இன்னொன்றை வாடகைக்குத் தருபவர்களும் அங்கே கிளம்பினார்கள். ஒரே உயிர், ஓர் ஊரில் தட்டில், இன்னோர் ஊரில் சட்டத்தில்.

எலி போன்ற சிறு பிராணியான ஹாம்ஸ்டரின் பயணம் இதைவிட விசித்திரம். 1930 ஏப்ரலில் சிரியாவின் அலெப்போ அருகே, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு வயலைத் தோண்டச் செய்து ஒரு தாயையும் அதன் 11 குட்டிகளையும் எடுத்தார். தாய் ஒரு குட்டியைக் கொன்றதால் அந்தத் தாயையே கொல்ல வேண்டியதாயிற்று; மற்றவற்றில் சில தப்பித்தன, சில செத்தன. எஞ்சிய ஒரு கைப்பிடி ஜெருசலேமில் பெருகியது. இன்று உலகமெங்கும் குழந்தைகள் அறையில் சக்கரம் ஓட்டும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறத்தாழ எல்லாமே அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். அலெப்போ வயலில் அதன் காட்டு உறவினம் இப்போது அழியும் நிலையில் உள்ளது.

பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிருடன் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அது கூண்டிலேயே இனம் பெருகி, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நிறம் மாறி, நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் தொங்கும்வரை வந்துவிட்டது.

இங்கேதான் இந்தியச் சட்டம் பலரைக் குழப்புகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பட்ஜெரிகரை வீட்டில் வளர்க்கலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பாட்டி வீட்டுத் திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கியதே என்று கேட்பவர்கள் உண்டு. அப்போதும் அது பொந்திலிருந்து குஞ்சாகப் பிடுங்கி வந்த கிளிதான். நட்சத்திர ஆமையும் அப்படியே. இங்கே வளர்க்கத் தடை. ஆனால் வெளிநாட்டில் அதற்கு நல்ல கிராக்கி. அதனால்தான் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஆமைகள் அடிக்கடி பிடிபடுகின்றன.

வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போது வீட்டு நாயையோ பூனையையோ கூடவே கொண்டுபோக நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வெறிநாய்க்கடி நோய் இங்கே இருப்பதால் இந்தியாவிலிருந்து வரும் நாய், பூனைக்குக் கெடுபிடி அதிகம். பிரிட்டனுக்கு என்றால் மைக்ரோசிப், பிறகு தடுப்பூசி, அதற்குக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக ஏற்பதே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும். 2015-இல் நடிகர் ஜானி டெப் தன் இரண்டு சிறு நாய்களைத் தனி விமானத்தில் அறிவிக்காமல் கொண்டுபோனபோது, வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் அவற்றைத் திருப்பி அனுப்புங்கள், இல்லையேல் கொல்லப்படும் என்று கெடு விதித்தார். நாய்கள் அமெரிக்காவுக்குத் திரும்பின. முறைப்படி போகும் பிராணிக்கும் மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் உள்ள அரசு நிலையத்தில் குறைந்தது 10 நாள் தனிமை உண்டு. அதற்கான செலவு உரிமையாளருடையது.